ஏழாம் நம்பர் போட்ட கட்டு

ஏழாம் நம்பர் கட்டிய பெட்டியை மாடியிலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குவளைக்குத் தூக்கம் கலையாது என்று கிடங்கில் ஒரு பேச்சு உண்டு. யாரும் உருட்டிப் பார்த்ததில்லை. ஆனால் பதினெட்டு வருடத்தில் அவன் கட்டி அனுப்பிய பெட்டி ஒன்றுகூட உடைந்து திரும்பி வந்ததில்லை என்பது நிஜம். அங்கே கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. காலையில் வந்ததும் ஐம்பது காலிப் பெட்டிகளை எடுத்து, அம்புக்குறி மேலே பார்க்க வைத்து, ஓரத்தில் நீல மையால் தன் எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். உடைந்தால் யார் தலை உருளும் என்று தெரிவதற்கான ஏற்பாடு அது. இவனுடைய ஏழு மட்டும் நாளடைவில் ஆள் பெயராகவே ஆகிவிட்டது. மேலாளர் முதல் டீ கொண்டுவருகிற அம்மா வரை எல்லோருக்கும் அவன் ஏழாம் நம்பர்தான்.

அவன் தொழிலில் மந்திரம் மாயம் எதுவும் கிடையாது. "ஆடக் கூடாது, அவ்வளவுதான். ஆடினாத்தான் உடையும்" என்பான். பழைய செய்தித்தாளைக் கசக்கி, குவளைக்குள் திணித்து, குவளைக்கு வெளியே திணித்து, மூலைகளில் அட்டை மடித்துச் செருகி, டேப்பை இழுத்து ஒட்டி, அதற்குமேல் சணலால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டுவான். கட்டி முடித்ததும் பெட்டியைக் காதோரம் தூக்கி ஒருமுறை குலுக்குவான். உள்ளே ஒரு முணுமுணுப்பு கேட்டாலும் போச்சு, மொத்தத்தையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

அவனுக்கு ஒரே ஒரு பலவீனம். டேப் சுருளின் நுனி அவன் கைக்கு அகப்படாது. வருடக்கணக்காக அட்டையும் சணலும் தேய்த்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. சுருளைத் திருப்பித் திருப்பித் தடவுவான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான், கடைசியில் பல்லால் கடிப்பான். அந்த வேலைக்கு அவனுடைய மகள் வேண்டும். ஆறரை வயது. பிறந்தபோது இத்தனூண்டு இருந்ததால் சில்லு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். மதியத்துக்குமேல் கிடங்கில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நுனி எடுத்துத் தருவாள். வலது ஆள்காட்டி விரலைச் சுருள் மேல் மெதுவாக ஓட்டுவாள். எங்கேயோ ஒரு இடத்தில் விரல் நின்றுவிடும். நகத்தால் கீறி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுத்து, "இந்தாப்பா நுனி" என்பாள். ஒரு நுனிக்கு ஒரு பிஸ்கெட் என்று ஒப்பந்தம்.

அன்றைக்கும் சனிக்கிழமைதான். நாலு நாளாக விடாத தூறல். அட்டையெல்லாம் நமுத்துப்போய், டேப் ஒட்டமாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தது. பின்வாசலில் பெட்டிகளை அடுக்குகிற மரச்சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு ஆள் உயரத்துக்கு ஈரத்தில் நின்றன. அவற்றின்மேல் ஏறாதே என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறான். ஆயிரத்து ஒன்றாவது முறை சொல்வதற்குள் அவள் ஏறிவிட்டாள். சறுக்கிய சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தான். வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். முழங்கைக்கு மேலே கை ஒரு வளைவு வளைந்திருந்தது. கைக்கு அப்படி ஒரு வளைவு கிடையாது. 

"அப்பா, ஆட்டாதே, ஆட்டாதே, வலிக்குது!"

ஆட்டக் கூடாது. அந்த ஒரு சொல்தான் அவன் மண்டைக்குள் போனது. அந்த நிமிடத்தில் ஒரு தச்சன் இருந்திருந்தால் பலகை தேடியிருப்பான், தையல்காரன் இருந்திருந்தால் துணி தேடியிருப்பான். அங்கே இருந்தவன் பதினெட்டு வருடம் பெட்டி கட்டியவன். நம்பர் போட்டு வைத்திருந்த காலிப் பெட்டி ஒன்றைக் கிழித்தான். கையை நெஞ்சோடு நன்றாக மடக்கினான். மடித்து வைத்தால்தான் சாமான் அசையாது. மடிப்புக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தான். சுற்றிலும் அட்டையை வளைத்து வைத்தான். டேப்பை எடுத்தான். நுனி அகப்படவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தான், பல்லுக்கும் அகப்படவில்லை.

"குடுப்பா" என்றாள் சில்லு விம்மிக்கொண்டே. இடது கையால் தடவி, இடது நகத்தால் கீறி, பழக்கமில்லாத கையால் நுனியை எடுத்துக் கொடுத்தாள். அவன் சுற்றினான். மூன்று சுற்று டேப். அதற்குமேல் சணல், குறுக்கும் நெடுக்கும்.

கிடங்கின் சரக்கு வேனில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு போனான். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. தெரு முழுக்க வண்டி. மனைவிக்குத் தகவல் சொல்லச் சொல்லி மேலாளரிடம் கத்திவிட்டு வந்திருந்தான். அவள் பேருந்தில் கண்டக்டர், எந்தத் தடத்தில் இருக்கிறாளோ.

"அப்பா, விரல்ல எறும்பு கடிக்குது."

"கொஞ்ச நேரம்டா தங்கம். இதோ வந்துட்டோம்."

ரெண்டு சிக்னல் தாண்டியதும் அவளே சொன்னாள், "எறும்பு போயிருச்சுப்பா."

"பாத்தியா, அப்பா கட்டுன கட்டு. இனிமே ஆடாது, வலிக்காது."

வேன் ஓட்டுபவரும் திரும்பிப் பார்த்து, "ஏழாம் நம்பர் கட்டுன்னா சும்மாவா" என்றார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது என்று ரெண்டு பேருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் பிறகு நினைத்து நினைத்து அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்ததும், "என்னங்க இது, பார்சலா?" என்று கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார். கட்டு பிரிந்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சில்லுவின் விரல்கள் ஐந்தும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தன. நர்ஸ் தொட்டுப் பார்த்தார். வெளியே போய் எலும்பு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா சின்ன உருவம். குரலும் சின்னது. ஆனால் அவர் உள்ளே வந்ததும் அந்த அறை அவர் சொல் கேட்க ஆரம்பித்தது. சில்லுவின் மணிக்கட்டில் ரெண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு மடக்கியிருந்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு ஜாண் தூரத்தை ஊர்ந்து கடப்பதுபோல நீட்டி, தலையணைமேல் வைத்தார். எல்லோரும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மெல்ல மங்கி, லேசாக ஒரு ரோஜா நிறம் வந்தது. டாக்டரம்மா மறுபடி நாடியைத் தேடினார். உதட்டைப் பிதுக்கினார்.

"பாப்பா, இப்படி ஒரு வட்டம் போடு பாக்கலாம்" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டினார்.

சில்லு இடது கையில் ஒரு வட்டம் போட்டாள்.

"இந்தக் கையில?"

வலது கையில் வட்டம் வரவில்லை. ரெண்டு விரலும் நுனி மடங்காமல் தட்டையாக ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"வாத்து வாய்" என்றாள் சில்லு.

எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் மாட்டி விரலால் காட்டினார். "முழங்கைக்கு மேல எலும்பு ரொம்ப மெல்லிசா இருக்கும், புள்ளைங்களுக்கு அங்கதான் ஒடியும். ஒடிஞ்சு, மேல் துண்டோட கூர் முன்பக்கம் வந்து நிக்குது பாருங்க. கைக்குப் போற ரத்தக் குழாயும் நரம்பும் அதுக்கு முன்னாலதான் ஓடுது. அதுல இடிச்சுட்டு நிக்குது. இதுக்கு மேல காத்திருக்க முடியாது. இப்பவே மயக்கம் குடுத்து எலும்ப நேராக்கி, வெளியிலேருந்து ரெண்டு கம்பி செருகணும். பெரும்பாலும் கிழிக்க வேண்டியிருக்காது. எலும்பு நேரானதும் ரத்தம் வந்துரும்னு நம்புறேன். வரலேன்னா திறந்து குழாயப் பாக்கணும்."

"கை... கை வந்துருமா டாக்டர்?"

"அதுக்குத்தான் ஓடுறோம். ஆமா, இந்தக் கட்டு யாரு போட்டது?"

கேட்ட அதே நேரம் கதவு திறந்தது. காக்கிச் சட்டை நனைந்து, கழுத்தில் விசில் தொங்க, அவன் மனைவி நின்றாள். பாதி வழியில் பேருந்தை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு மழையில் ஓடி வந்திருக்கிறாள். அவள் கண் முதலில் பிள்ளைமேல் போனது, அடுத்து அவன்மேல் வந்தது.

"பக்கத்துல... ஒரு கம்பவுண்டர் இருந்தாரு. அவரு கட்டிவிட்டாரு" என்றான் ஏழாம் நம்பர்.

வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியாது. வந்த பிறகு திருப்பி விழுங்க முடியவில்லை. படுக்கையில் கிடந்த சில்லு அப்பாவைப் பார்த்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "மீசை வெச்ச கம்பவுண்டர்."

பிள்ளையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது மயக்க டாக்டர், "கடைசியா எப்ப சாப்பிட்டா?" என்று கேட்டார். "ஒரு மணிக்கு, ஒரு பன்னு, ஒரு பிஸ்கெட்டு" என்றான். ஒரு நுனிக்கு ஒரு பிஸ்கெட்.

வெளியே நீளமான பெஞ்சு. தரை முழுக்க ஈரச் செருப்புத் தடம். துடைக்கிற அம்மா துடைக்கத் துடைக்க யாராவது மிதித்துக்கொண்டு போனார்கள். மனைவி உட்காரவில்லை. பேருந்தில் நிற்கிற மாதிரியே காலை அகட்டி வைத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். விசிலை வாயில் வைத்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியவில்லை. அவன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு வேலைதான் இந்தக் கைகளுக்குத் தெரியும். அந்த வேலையைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் கையில் காட்டிவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

"அந்தக் கம்பவுண்டர் மட்டும் என் பஸ்ல ஏறட்டும்" என்றாள் அவள் திடீரென்று.

அவன் உள்ளங்கைகளை மூடிக்கொண்டான்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார். "நாடி வந்துருச்சு" என்றார். "எலும்பு நேரானதும் அதுவா அடிக்க ஆரம்பிச்சிருச்சு. கிழிக்கல. ரெண்டு கம்பி போட்டிருக்கோம்."

மனைவியின் வாயிலிருந்த விசில் கீழே விழுந்து கயிற்றில் ஆடியது. அவள் டாக்டரின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"விரல் நுனிய மடக்குற நரம்பு மட்டும் இன்னும் முழிக்கல. அறுபடல, அடிபட்டுத் தூங்குது. வாரக்கணக்கா, ஏன், சில மாசம்கூட ஆகலாம். பெரும்பாலும் வந்துரும். பொறுமையா இருக்கணும்."

பெரும்பாலும் என்ற சொல்லை ஏழாம் நம்பர் வீட்டுக்குக் கொண்டுபோனான். அன்றிலிருந்து அது அவன் கூடவே சாப்பிட்டது, கூடவே படுத்தது.

மறுநாள் காலையில் பிள்ளையின் கட்டைப் பார்த்தபோது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பின்பக்கம் மட்டும் அரை மாவுக்கட்டு. கை முழுசாகக்கூட மடங்கியிருக்கவில்லை. மேலே சுற்றியிருந்த துணிக்குள் தாராளமாக ரெண்டு விரல் போகும். அவன் கிடங்கில் இப்படி ஒருத்தன் கட்டியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"இவ்வளவு லூசா இருக்கே டாக்டர், ஆடாதா?"

"ஆடாம இருக்கத்தான் உள்ள கம்பி இருக்கு. வெளியே இடம் விட்டுத்தான் கட்டணும். ஒடிஞ்ச கை வீங்கும். வீங்குறதுக்கு இடம் இல்லேன்னா ரத்தம் எங்க போகும்?"

அவன் தலையாட்டினான். அந்தப் பதில் அவனுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தார்கள். ஒரு அறையும் சமையற்கட்டும் உள்ள வீடு. ஜன்னலோரம் சில்லுவுக்குத் தலையணை அடுக்கி இடம் போட்டார்கள். மூன்றரை வாரம். கட்டு நனையக் கூடாது, கம்பியின் வெளி நுனிகளை யாரும் தொடக் கூடாது, எண்ணெய் போட்டு நீவுகிறேன் என்று எவரையும் பக்கத்தில் விடக் கூடாது. மனைவி காலைத் தடத்துக்கு மாற்றிக்கொண்டாள், அவள் வரும்வரை பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டார்கள், அவன் மாலையில் சீக்கிரம் வந்தான். சில்லு இடது கையால் சோறு சாப்பிடப் பழகினாள், இடது கையால் பூனை வரைந்தாள். பூனை எல்லாம் நாய் மாதிரி வந்தது.

அந்த மூன்றரை வாரமும் வீட்டில் கம்பவுண்டர் புராணம் ஓடாத நாள் கிடையாது. கட்டு நனையாமல் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மனைவி ஆரம்பிப்பாள். "யாரு பெத்த புள்ளையோ, எவன் படிக்க வெச்சானோ. கண்ணு எங்க இருந்துச்சு அந்தாளுக்கு? விரல் வெளுக்குதுன்னு பாக்கத் தெரியாதா?" பால் பொங்கினால் கம்பவுண்டர். விளக்கு அணைந்தால் கம்பவுண்டர். பேருந்தில் சில்லறை இல்லாமல் ஏறினவனுக்குக் கிடைக்க வேண்டிய திட்டும் சேர்த்து அந்தக் கம்பவுண்டருக்கே கிடைத்தது.

ஏழாம் நம்பர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். சோறு உள்ளே இறங்காது. சில்லு அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

ஒருநாள் அம்மா வெளியே போனதும், "நான் சொல்லலப்பா" என்றாள் மெதுவாக.

"எதடா?"

"அதான்."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனூண்டு பிள்ளை தன் உடைந்த கையோடு அப்பாவின் பொய்யையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிகிறதே என்று வெட்கமாக இருந்தது.

கம்பி எடுக்கிற நாளில் மயக்கமெல்லாம் கொடுக்கவில்லை. "ஒண்ணு, ரெண்டு எண்ணு" என்றார் டாக்டரம்மா. சில்லு ஒன்று என்பதற்குள் ஒரு கம்பி வந்துவிட்டது. ரெண்டு என்பதற்குள் இன்னொன்று. "அவ்வளவுதானா?" என்று ஏமாந்துபோனவள் மாதிரி கேட்டாள். பிறகு வட்டம் போடச் சொன்னார்கள். வாத்துதான் வந்தது.

"இன்னும் நாள் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "கைய அவளே விளையாடி நீட்டி மடக்கிப்பா. நீங்க இழுக்காதீங்க."

கிடங்கில் அதற்கடுத்த வாரம் அந்தக் காரியம் நடந்தது. ஏழு என்று நீல மையில் போட்ட பெட்டி ஒன்று திரும்பி வந்தது. உள்ளே பன்னிரண்டு குவளையில் ஐந்து உடைந்திருந்தது. கிடங்கே கூடிவிட்டது. மேலாளர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். திணித்திருந்த தாள் தொளதொளவென்று கிடந்தது. சணலுக்கும் பெட்டிக்கும் நடுவே ரெண்டு விரல் தாராளமாகப் போனது.

"என்னப்பா ஏழாம் நம்பர், குவளைக்குக் காத்து வாங்க இடம் விட்டியா?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். திட்டவில்லை. பதினெட்டு வருடத்துக்கு ஒருமுறை உடைந்தால் யார் திட்டுவார்கள்? அவனால்தான் சிரிக்க முடியவில்லை. ஒரு மாதமாகவே சணலை இறுக்கப் போகிற நேரத்தில் கை தானாக நின்றுவிடுகிறது என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். சில்லு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தாள். மனைவி டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னாச்சுங்க?"

"பெட்டி ஒண்ணு உடைஞ்சு வந்துருச்சு."

"ஏழா?"

"ஏழுதான். சணல இறுக்க கை வரல." டீயைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னான், "இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கம்பவுண்டர்..."

"எந்தக் கம்பவுண்டர்? ஏழாம் நம்பர் கம்பவுண்டரா?"

அவன் டீயைக் கீழே வைத்தான். அவள் எழுந்துபோய் அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து வந்து அவன் முன்னால் போட்டாள். வளைந்த ஒரு அட்டைத் துண்டு. கத்தரிக்கோல் வெட்டிய டேப் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குவளைப் படம் ஒன்று, கவனம் என்ற எழுத்து, ஒரு அம்புக்குறி, நீல மையில் ஒரு ஏழு.

"அன்னிக்கே நர்ஸம்மா புள்ளையோட துணியெல்லாம் ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. அதுல இருந்துச்சு."

"தெரிஞ்சேவா... இத்தன நாளும் திட்டின?"

"பின்ன? திட்டாம இருக்க முடியுமா? வயிறு எரிஞ்சுச்சு. ரெண்டு நாள் உங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. நேரா திட்டினா நீங்க அன்னிக்கே ஒடிஞ்சு உக்காந்துருப்பீங்க. புள்ளைய யாரு தூக்குறது? அதான் அந்தக் கம்பவுண்டரு வாங்கிக்கிட்டாரு, பாவம்."

"சில்லு சொல்லிட்டாளா?"

"அவளா? மீசை எப்படி இருந்துச்சுன்னு நாலு தடவ கேட்டேன். நாலு தடவையும் நாலு மீசை சொன்னா. கடைசி மீசை காது வரைக்கும் வந்துருச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவள் அட்டையை எடுத்து அம்புக்குறியை விரலால் தொட்டாள்.

"அப்புறம் ஒருநாள் இந்த அம்பப் பாத்துதாங்க கோவம் இறங்கிச்சு. டேப் ஒட்டுன இந்த ஓரம் தோள்பக்கம் இருந்துச்சுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அப்ப அவ்வளவு பதட்டத்துலயும் அம்பு மேல பாத்துதான் இருந்திருக்கு. புள்ளையத் தலைகீழா புடிச்சுரக் கூடாதுன்னு வெச்சீங்களா?"

"தெரியல. கை தானா வெச்சிருக்கும்."

"அந்தக் கைதான். அதுமேல நான் எவ்வளவு நேரம் கோவமா இருக்க முடியும்?" என்று எழுந்தாள். வாசல்படி தாண்டும்போது திரும்பி நின்று, "கண்ணாடி வீங்காதுங்க. நாளைக்குப் போய் ஒழுங்கா இறுக்கிக் கட்டுங்க" என்றாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமும் சொன்னான். சொல்லி முடிக்கிறவரை டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் கட்டினதாலதான் நரம்பு போச்சா டாக்டர்? உள்ளத சொல்லுங்க."

"நரம்ப எலும்பு அழுத்துனது விழுந்த நிமிஷத்துலயே. அது உங்க வேலை இல்லன்னுதான் நினைக்கிறேன். ரத்த ஓட்டம் நின்னதுல கட்டுக்கும் பங்கு இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன்." அவர் பேனாவை மூடினார். "ஆனா நீங்க அவள எங்கேயும் கொண்டுபோய் நிறுத்தாம நேரா இங்க வந்தீங்க. அதனாலதான் நமக்கு நேரம் கையில இருந்துச்சு. இனிமே யாருக்கு ஒடிஞ்சாலும் மடக்காதீங்க, இறுக்காதீங்க. எப்படி இருக்கோ அப்படியே தாங்கிப் புடிச்சுக் கொண்டுவாங்க. உங்க கிடங்குல எல்லாருக்கும் சொல்லுங்க."

சொன்னான். மறுநாள் டீ நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னான். வேன் ஓட்டுபவர்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலம் போய், ஜன்னல் வழியாக நல்ல வெயில் சமையற்கட்டு வரை வந்திருந்தது. டாக்டரம்மாவுக்குக் கொடுக்க ஒரு கண்ணாடிக் குடுவை வாங்கி வைத்திருந்தான். தரையில் தாளைப் பரப்பி அதைக் கட்ட உட்கார்ந்தான். மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள், காக்கியைக்கூட மாற்றாமல் அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். சில்லு அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கையால் தாளைக் கசக்கிக் கொடுத்தாள். முழங்கை கிட்டத்தட்ட முழுசாக நீண்டது, மடங்கியது. ஓரத்தில் ரெண்டு சின்னப் புள்ளித் தழும்பு. வட்டம் போடச் சொல்லி அவன் கேட்பதை நிறுத்தி மூன்று வாரமாகிறது. கேட்டுக் கேட்டு அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

டேப் சுருளை எடுத்துத் தடவினான். நுனி அகப்படவில்லை. வழக்கப்படி திருப்பிப் பார்த்தான். பல்லுக்குக் கொண்டுபோனான்.

"குடுப்பா, எச்சி பண்ணாதே."

வாங்கி இடது கையில் பிடித்துக்கொண்டாள். பேச்சு வேறு எங்கேயோ இருந்தது. பக்கத்து வீட்டில் பூனை குட்டி போட்டதையும், அதில் ஒன்றுக்கு ஒரு காது மட்டும் கறுப்பு என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே பழைய பழக்கத்தில் வலது ஆள்காட்டி விரலைச் சுருள்மேல் ஓட்டினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. நுனி மடங்கியது. நகம் கீறியது. கட்டைவிரல் வளைந்து வந்து அதோடு சேர்ந்து கிள்ளியது. டேப் சர்ரென்று ஒரு விரற்கடை உரிந்தது.

நுனியைப் பிடித்திருந்த ரெண்டு விரலுக்கும் நடுவே ஒரு வட்டம் இருந்தது. அதன் வழியாக வெயில் தெரிந்தது.

"இந்தாப்பா நுனி" என்றாள் சில்லு.

அவன் கை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். அடுப்படியில் கரண்டி விழுந்தது.

"அப்பா, பிடி. திரும்பவும் ஒட்டிக்கப் போவுது. ஒரு பிஸ்கெட் தரணும்ல?"

சில்லுவின் அம்மா பேருந்தில் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், ரெண்டு விசில் அடித்தால் கிளம்பும். அடுப்படியிலிருந்து கண்டக்டர் கழுத்து விசிலை எடுத்து வாயில் வைத்து, அந்தச் சின்ன வீடு அதிர, அடுத்தடுத்து ரெண்டு விசில் அடித்தாள்.